டரான்டுலா கூண்டுக்கு மண் கலப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு வரவேற்பறை அலமாரியில் இப்போது 11 டரான்டுலாக்கள், அதாவது முடி அடர்ந்த பெரிய சிலந்திகள், இருக்கின்றன. அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர். எட்டுக்கால் பூச்சிக்குத் தீனி போடுகிற பிள்ளையைப் பெற்றுவிட்டேனே என்று அம்மா இன்னும் தலையில் அடித்துக்கொள்கிறார். ஈப்போவிலிருந்தும் கோலகங்சாரிலிருந்தும் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் தம்பிமார் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் மண்ணைப் பற்றியவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. அதனால் எழுதி வைக்கிறேன். கடைக்காரர்கள் சப்ஸ்ட்ரேட் என்பார்கள். நான் மண் என்றே சொல்கிறேன்.

அடியில் டிஷ்யூ காகிதம் விரித்தால் போதாதா? மண் எதற்கு?

நோய்வாய்ப்பட்ட சிலந்தியை நாலு நாள் கவனித்துப் பார்ப்பதற்குக் காகிதம் சரி. குடியிருக்க மண்தான் வேண்டும். தரையில் வாழும் டரான்டுலா மண்ணைக் குடைந்து ஒளியும், அதன் மேல் பட்டு விரித்துத் தோலுரிக்கும், மண்ணின் ஈரத்தில்தான் அதன் உடம்பும் வாடாமல் இருக்கும்.

இன்னொரு காரணம், விழுந்தால் தாங்குவது. பருத்த டரான்டுலாவின் வயிறு தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி. ஒரு முழ உயரத்திலிருந்து விழுந்தாலே கிழிந்துவிடலாம், கிழிந்தால் பிழைப்பது அரிது. ஆகவே தரைச் சிலந்தியின் கூண்டில் மண்ணுக்கும் மூடிக்கும் உள்ள இடைவெளி, அதன் கால் விரிவைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் இருக்கக்கூடாது. உயரமான கூண்டு வாங்கிவிட்டீர்களா? மண்ணை ஏற்றிப் போடுங்கள், அவ்வளவுதான்.

தோட்டத்து மண்ணையே அள்ளிப் போடலாமா? இலவசமாகக் கிடைக்கிறதே.

எங்கிருந்து அள்ளுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் முதல் சிலந்தியை நான் இப்படித்தான் இழந்தேன்.

உள்ளங்கை அளவு கர்லி ஹேர் இனச் சிலந்தி அது. கறுப்பாக, பொடிபோல உதிர்கிற மண்ணாக இருக்கிறதே என்று செம்பனை மரத்தடியிலிருந்து ஒரு வாளி அள்ளிவந்து போட்டேன். மூன்றாம் நாள் அதன் கால்கள் நடுங்கின. கள்ளுக்கடையிலிருந்து வருகிறவரைப் போலத் தள்ளாடி நடந்தது. ஐந்தாம் நாள் கால்களை அடியில் மடக்கிக் கிடந்தது. கூண்டில் மண்ணைத் தவிர வேறெதையும் நான் மாற்றியிருக்கவில்லை.

பம்பு சுமந்து மருந்தடித்த அத்தையிடம் போய்ச் சொன்னேன். தோட்டங்களில் மருந்தடிக்கும் வேலை பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் விழும். அத்தை கேட்ட முதல் கேள்வி: “மரத்து வட்டத்துலயாடா அள்ளுன?” ஆமாம் என்றேன். “அங்கதான்டா எல்லாத்தையும் கொட்டுவோம்!”

மரத்தைச் சுற்றிப் புல் இல்லாமல் வைத்திருக்கும் அந்த வட்டத்தில்தான் களைக்கொல்லி விழுகிறது. யூரியா, பொட்டாஷ், போரேட் உரமெல்லாம் அங்கேதான் விழுகின்றன. இளமரமாக இருந்தால் காண்டாமிருக வண்டுக்குச் சைபர்மெத்ரின் அடிப்பார்கள். வண்டைக் கொல்லும் மருந்து சிலந்திக்கு மட்டும் விருந்தா? பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது, உண்மைதான். அதனால் வட்டத்து மண் சுத்தமாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். களைக்கொல்லி அடிப்பது நிற்கவில்லை, போத்தல்தான் மாறியிருக்கிறது.

வெட்டிய மட்டைகளை அடுக்கும் வரிசையில் மருந்து குறைவாக விழும், மக்கிய மண்ணும் அதிகம். ஆனால் பூரானும் தேளும் வண்டுப் புழுவும் குடியிருப்பது அங்கேதான். நான் அதையும் தொடுவதில்லை. இப்போது நான் அள்ளும் இடம், எங்கள் பழைய வீட்டுக்குப் பின்னால் உள்ள மூங்கில் புதரின் அடி. அங்கே மருந்தடித்ததில்லை என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் அப்படித் தெரிந்த இடம் ஒன்று இருந்தால் அள்ளுங்கள். தெரியாவிட்டால் கடையில் மூட்டை வாங்குங்கள், கஞ்சத்தனம் வேண்டாம்.

கடையில் வாங்கும் மண்ணில் எதைப் பார்க்க வேண்டும்?

பூச்செடிக் கடையில் ‘டாப் சாயில்’, ‘ஆர்கானிக்’ என்று இரண்டு மூட்டை இருக்கும். ஆர்கானிக் என்றதும் கை அங்கே போகும். அதில் பெரும்பாலும் கோழிச்சாணம் கலந்திருப்பார்கள். சாணம் கலந்த மண் நம் வெப்பத்தில் கொசு மாதிரிச் சின்ன ஈக்களை வாரக்கணக்கில் பெற்றுத் தள்ளும். உரம் சேர்க்காத, பூச்சிமருந்து சேர்க்காத வெறும் மேல்மண் என்று கேட்டு வாங்குங்கள். மூட்டையைப் பிரித்ததும் முகர்ந்து பாருங்கள். முதல் மழை பெய்த வாசம் வர வேண்டும். மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் செடிக்குப் போடுங்கள். பச்சை, நீல நிறத்தில் மணி மணியாகத் தெரிந்தால் அது உரம். பிறகு மாவுச் சல்லடையில் சலித்துக் கல்லையும் கண்ணாடித் துண்டையும் எடுத்துவிடுங்கள். சல்லடையைத் தனியாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

கோகோபீட் மட்டும் போட்டால் என்ன?

சாகாது. பல கடைகளில் அதில்தான் வைத்திருக்கிறார்கள். தென்னைநார்த் தூள் லேசானது, சுத்தமானது, பாகான் டத்தோ பக்கம் தென்னைக்குக் குறைவில்லாத மாநிலத்தில் இருந்துகொண்டு அதை வேண்டாம் என்பேனா? 650 கிராம் கட்டி ஒன்று 4 லிட்டர் கொதிநீரில் ஊறினால் 8 லிட்டர் அளவுக்குப் பொங்கிவிடும்.

குறை இரண்டு. காய்ந்ததும் உமி மாதிரி உதிர்ந்துவிடும், சிலந்தி குடையும் வளை நிற்காது. ஈரமாக இருந்தால் பஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நம் காற்றில் காயவே காயாது. அதோடு சில கட்டிகளில் உப்பு இருக்கும். தேங்காய் மட்டையை உவர்நீரில் ஊறப்போட்டு நார் உரித்திருந்தால் உப்பு தூளில் தங்கும். இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழியுங்கள். மண்ணோடு சேர்க்கும் துணைப்பொருளாக அது தங்கம். தனியாகப் போட்டால் சுமார்தான்.

பலகைத் தொழிற்சாலையில் மரத்தூள் சும்மா கொடுக்கிறார்களே?

வேண்டாம். நம் பக்கத்து மரத்தூள் பெரும்பாலும் ரப்பர் மரத்தூள். ரப்பர் மரத்தை வண்டும் பூசணமும் சீக்கிரம் பிடித்துவிடும் என்பதால், அறுத்த பலகைக்குப் போரான் மருந்தேற்றிய பிறகுதான் தளவாடம் செய்வார்கள். கரப்பானுக்கு வைக்கும் போரிக் பவுடரின் உறவுக்காரன்தான் அந்த மருந்து. காளான் வளர்ப்பவர்கள் மருந்தேற்றாத தூளை வாங்குவார்கள். அதுவும் ஈரம் பட்டால் சூடேறிப் பூசணம் பிடிக்கும், நமக்குப் பயனில்லை. பைன், சீடார் சீவல் எலிக்கூண்டுக்கென்று விற்கப்படும். அவற்றின் பிசின் வாசனை எண்ணெய் சிலந்திக்கு ஆகாது.

செம்பனைக் குலை நார்? ஆலைக் கழிவு உரம்?

வேண்டாம். எண்ணெய்ப் பசை இருக்கும், பூசணம் ஒரே வாரத்தில் வெள்ளைப் போர்வை போர்த்திவிடும்.

சரி, கலவை அளவைச் சொல்லுங்கள்.

என் அளவுகோல் பழைய மைலோ டின். பத்து டின் கணக்கு வைத்துச் சொல்கிறேன்.

கர்லி ஹேர், பிரேசில் சால்மன் பிங்க் மாதிரி எதற்கும் ஒத்துப்போகும் தரைச் சிலந்திகளுக்கு 6 டின் மேல்மண், 3 டின் கோகோபீட், 1 டின் ஆற்றுமணல். கடல்மணல் கூடாது, உப்பு. வளர்ந்த சிலந்திக்கு 10 முதல் 12 சென்டிமீட்டர் ஆழம்.

ஆசிய வளைச் சிலந்திகள், அதாவது சிரியோபாகோபஸ், கைலோபிராக்கிஸ் இனங்கள் வாழ்நாளை வளைக்குள்ளேயே கழிப்பவை. அவற்றுக்கு 6 டின் மேல்மண், 2 டின் செம்மண், 2 டின் கோகோபீட். நம்மூர்ச் செம்மண்ணில் களி அதிகம், அதுதான் வளையின் சுவரைப் பிடித்து நிறுத்துகிறது. செம்மண் கூடிப்போனால் காய்ந்ததும் செங்கல். மண்ணை ஒரே கொட்டாகக் கொட்டாமல் நாலு விரல்கடை போட்டு முஷ்டியால் அமுக்கி, மறுபடி நாலு விரல்கடை என்று ஏற்றுங்கள். ஆழம் 20 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. ஓர் ஓரத்தில் துடைப்பக் கட்டையின் முனையைச் சாய்வாகக் குத்தி எடுங்கள். அந்தப் பள்ளத்தைப் பார்த்ததும் சிலந்தி தன் வேலையைத் தொடங்கிவிடும். களிக்குப் புற்றுமண் நன்றாக இருக்குமே என்று ஒருமுறை மண்வெட்டியை எடுத்தேன். அம்மா பார்த்த பார்வையில் மண்வெட்டி தானாக மூலைக்குப் போய்விட்டது. செம்மண் போதும்.

கிரீன் பாட்டில் ப்ளூ வெனிசுவேலாவின் வறண்ட பரகுவானா தீபகற்பத்துச் சிலந்தி. சிலி ரோஸும் காய்ந்த நிலத்துக்காரி. நம் ஊரில் வளர்க்கச் சிரமமானவை இவைதான், குளிர்நாட்டுக்காரர்கள் நேர்மாறாகச் சொல்வார்கள். 5 டின் மேல்மண், 3 டின் கோகோபீட், 2 டின் மணல் கலந்து வெயிலில் நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். ஒரு சின்னத் தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள். தெளிக்கவே வேண்டாம்.

மரத்தில் வாழும் பிங்க் டோ, வெர்சிகலர், தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மரப்பொந்துகளில் வாழும் பெசிலோதீரியா ஆகியவற்றுக்குக் கலவையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மேலே சொன்ன கலவைகளில் எதையாவது ஐந்து சென்டிமீட்டர் போடுங்கள், அவை கீழே இறங்குவதே அபூர்வம். பிங்க் டோ குட்டிகள் சாவது பெரும்பாலும் அடைசலான ஈரக்காற்றில்தான். மண்ணுக்குச் செலவழிக்கும் நேரத்தில் பக்கவாட்டில் நாலு துளை போடுங்கள்.

சிலந்திக் குட்டிகளுக்கு, கடையில் சம்பல் கட்டிக் கொடுக்கும் சின்னப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் பாதியளவு, சலித்த மண்ணும் கோகோபீட்டும் சரிபாதி.

எவ்வளவு தண்ணீர் சேர்ப்பது?

புட்டு மாவுப் பதம். இதைவிடச் சரியாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அம்மா புட்டுக்கு மாவு பிசிறுவதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீரை ஊற்றாமல் தெளிப்பார், விரல் நுனியால் பிசிறுவார், மறுபடி தெளிப்பார். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கினால் கொழுக்கட்டையாக நிற்க வேண்டும். கட்டை விரலால் லேசாகத் தட்டினால் உதிர வேண்டும். மண்ணிலும் அதே சோதனைதான். பிடித்தால் நிற்கவே இல்லையென்றால் வறட்சி. விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தால் அது களி கிண்டும் பதம், ஒருநாள் பரப்பி உலர விடுங்கள். தட்டினால் உதிராமல் அப்படியே உட்கார்ந்திருந்தால் செம்மண் அதிகம்.

இந்தப் பதத்தில் போட்டுவிட்டு மேல்பகுதியைக் காய விடுங்கள். பிறகு மேலே தெளிக்காதீர்கள். பபிள் டீ குடிக்கும் தடித்த உறிஞ்சுகுழலை மூலையில் அடிவரை செருகி, அதன் வழியாகக் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். அடியில் ஈரம், மேலே உலர்வு. எவ்வளவு ஈரம் வேண்டும் என்பதைச் சிலந்தியே இறங்கிப்போய்த் தேர்ந்தெடுத்துக்கொள்ளும்.

ஈரப்பதம் 70, 80 சதவீதம் வேண்டும் என்று படித்தேன். மீட்டர் வாங்கலாமா?

அந்தக் குறிப்புகள் ஹீட்டர் ஓடும் வீடுகளுக்கு எழுதப்பட்டவை. அங்கே குளிர்காலத்தில் காற்று மண்ணை உறிஞ்சிக் காயவைத்துவிடும், அதனால் தெளி தெளி என்கிறார்கள். இங்கே கதவைத் திறந்தாலே 80 சதவீதம் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. துவைத்துப் போட்ட சட்டையே ஐப்பசி மழையில் இரண்டு நாள் காயாத ஊரில், சிலந்திக்குத் தெளிப்பான் எதற்கு? நம் பிரச்சினை ஈரத்தைச் சேர்ப்பதல்ல, வெளியேற்றுவது. மீட்டர் காசுக்கு எதிரெதிர்ச் சுவர்களில் காற்றுத்துளை போடுங்கள். அடியில் களிமண் உருண்டை பரப்பி வடிகால் அமைப்பதும் வேண்டாம். அந்த உருண்டைகளுக்கு நடுவே தண்ணீர் தேங்கி நாறும்.

ஒரே விதிவிலக்கு குளிர்சாதன அறை. இரவு முழுக்க ஏர்கோன் ஓடினால் மண் நினைப்பதைவிட வேகமாகக் காயும்.

வெள்ளைப் பூசணம் பிடித்துவிட்டது. மஞ்சள் காளானும் முளைத்திருக்கிறது.

காளான் பாவம், அதனால் கெடுதல் இல்லை. கிள்ளி எறியுங்கள். பூசணம் பெரும்பாலும் தின்று மிச்சம் வைத்த பூச்சியின் மேல்தான் தொடங்கும். மறுநாள் காலையில் இடுக்கியால் மிச்சத்தை எடுத்துவிடும் பழக்கம் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதியை ஸ்பிரிங்டெயில் பார்த்துக்கொள்ளும். மக்கிய இலையைப் புரட்டினால் கடுகில் பாதி அளவில் வெள்ளையாகத் துள்ளுமே, அதுதான். பூசணத்தைத் தின்றே வாழும், சிலந்தியைத் தொடாது. துள்ளாமல் மெதுவாக ஊர்ந்து, சிலந்தியின் வாய்ப்பக்கம் கூட்டமாக ஒட்டியிருந்தால் அது மைட் என்கிற சிற்றுண்ணி. அப்போது காய்ந்த புதுமண்ணுக்கு மாற்றிவிடுங்கள்.

மண்ணை ஓவனில் சுட்டு எடுக்க வேண்டுமா?

வெளியில் அள்ளிய மண் என்றால் ஒருமுறை சூடாக்குவது நல்லது. 100 டிகிரிக்குச் சற்று மேலே அரைமணி நேரம் போதும். எங்கள் வீட்டு ஓவனைத் தொட எனக்கு அனுமதி இல்லை, நான் பழைய சட்டியில் விறகடுப்பில் வறுக்கிறேன். நெருப்பு முட்டையையும் புழுவையும் கொல்லும், பூச்சிமருந்தை நீக்காது. மருந்தடித்த மண்ணை எத்தனை முறை வறுத்தாலும் அது மருந்தடித்த மண்தான்.

மண் போட்டுப் பத்து நாளாகியும் கண்ணாடியிலேயே தொங்குகிறது. இறங்க மாட்டேன் என்கிறது.

மண் மிகவும் ஈரமாக இருக்கும், அல்லது பொலபொலவென்று கால் புதைகிறது. கோகோபீட்டில் புதிதாக விட்ட சிலந்தி முன்காலைத் தூக்கித் தூக்கி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள், சேற்றில் செருப்பில்லாமல் இறங்குகிறவர் மாதிரி. அமுக்கிக் கொடுங்கள், காய விடுங்கள். இரண்டு வாரத்துக்குள் இறங்காவிட்டால் மண்ணில் வேறு ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

மாதக்கணக்கு இல்லை. நாற்றமும் பூச்சியும் இல்லையென்றால் நான் இரண்டு வருடம்வரை தொடுவதில்லை. சிலந்திக்கு வீட்டைக் கலைப்பதுதான் பெரிய துன்பம். வயிறு கறுத்துப் பளபளத்து, தீனியை மறுத்து, தரையில் பட்டு விரித்திருந்தால் தோலுரிக்கப் போகிறது. மல்லாந்து கிடந்தால் உரித்துக்கொண்டிருக்கிறது. அந்த நாள்களில் கூண்டுப் பக்கமே போகாதீர்கள்.

அமெரிக்கக் கண்டத்துச் சிலந்திகளின் பழைய மண்ணில் அவை உதைத்து உதிர்த்த முடி கலந்திருக்கும். தோலில் பட்டால் அரிப்பு, கண்ணில் குத்தினால் மருத்துவமனை. முகக்கவசம், கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணாடி இல்லாமல் மாற்றாதீர்கள். லேசாக ஈரமாக்கிவிட்டு அள்ளினால் தூசி பறக்காது.

எறும்பு வருகிறது. டிங்கிக் கொசுவுக்குப் புகையும் அடிக்கிறார்கள்.

எறும்புச் சாக்கட்டியால் கோடு போடாதீர்கள், அதில் இருப்பதும் பூச்சிமருந்துதான். அலமாரிக் கால்களைச் சோப்புத் தண்ணீர்த் தட்டில் நிறுத்துங்கள். புகை அடிக்க வரும் சத்தம் கேட்டால் சன்னலைச் சாத்தி, கூண்டுகளை உள்ளறைக்குக் கொண்டுபோய் ஈரத்துணியால் மூடுங்கள். வெளியில் சாக்கு விரித்து உலரப் போட்டிருக்கும் மண்ணை மறந்துவிடுவோம். புகை பட்ட மண்ணைக் கூண்டில் போடவே கூடாது. கொசுவர்த்திச் சுருளையும் அந்த அறையில் கொளுத்த வேண்டாம்.

சாலையோர மேட்டில் வளை பார்த்தேன். அதிலிருப்பதைப் பிடித்து வளர்க்கலாமா?

பிடிக்காதீர்கள். நம் பக்கத்துச் சிலந்திகளுக்கு உதைக்கும் முடி கிடையாது, கோபம் வந்தால் நேரே கடிதான், வலி நாள்கணக்கில் இருக்கும். காட்டு விலங்குச் சட்டம் வேறு இருக்கிறது. கடையில் வாங்குவதற்கும் அனுமதி தேவையா என்று பெர்ஹிலித்தான் என்கிற வனவிலங்குத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ‘மெக்சிகோ ரெட் நீ’ சிலந்தி சேர்ந்திருக்கும் பிராக்கிபெல்மா இனமும், 2019 முதல் பெசிலோதீரியாவும், அருகிவரும் உயிரினங்களின் நாடுகளுக்கிடையிலான வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன.

ஆனால் அந்த வளையைப் போய்ப் பாருங்கள். இரவு எட்டு மணிக்கு மேல் கைவிளக்கோடு போனால், செங்குத்தான மண்சுவரில் ஐம்பது சென் காசைவிடச் சற்றுப் பெரிய வட்டம், விளிம்பில் காய்ந்த இலையும் பட்டும் ஒட்டியிருக்கும். பக்கத்து மண்ணைக் கிள்ளிப் பிடித்துப் பாருங்கள். மேல்தோல் காய்ந்திருக்கும், ஒரு விரல் உள்ளே புட்டு மாவுப் பதம்.

கலந்த மண் மிஞ்சிவிட்டால்?

கறிவேப்பிலைத் தொட்டிக்குப் போடுங்கள். கூண்டில் கிடந்த பழைய மண்ணை மட்டும் போடாதீர்கள். முடி கலந்த மண்ணைத் தெரியாமல் அம்மாவின் தொட்டியில் கொட்டி, அவர் கை அரித்த வாரம் எனக்கு வீட்டில் காப்பி கிடைக்கவில்லை.